மறுமுறை கருவுற்றபோது: ப்ரீ-எக்லாம்ப்சியாவும் குழந்தையின் வளர்ச்சியும் கணிக்கப்பட்ட விதம்

முதல் பிரசவத்தில் எனக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் நோய்) வந்து குழந்தை குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்திருந்ததால், மறுமுறை கருவுற்றபோது மருத்துவர் என்னைத் தொடக்கத்திலேயே அதிக ஆபத்துள்ளவர்களின் கணக்கில் சேர்த்துவிட்டார். மீண்டும் வருமா என்று கேட்டதற்கு, ஒரே பரிசோதனையில் அதைச் சொல்லிவிட முடியாது, ஒவ்வொன்றையும் அதற்குரிய வாரத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார்.

முதற்கட்டக் கணிப்பு 11 முதல் 14 வாரங்களுக்குள் நடந்தது. ஐந்து நிமிடம் பேசாமல், கால்மேல் கால் போடாமல், முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்லி, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பிறகு டாப்ளர் ஸ்கேனில் கருப்பைத் தமனிகளின் ரத்த ஓட்டத்தையும், ரத்தத்தில் நச்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சிக் காரணியான பிஎல்ஜிஎஃப் அளவையும் பார்த்தார்கள். நச்சுக்கொடி சரியாக வேரூன்றும்போது தாயின் சிறு தமனிகள் அகன்று கொடுக்கும்; அகலாவிட்டால் அங்கே ஓட்டத்துக்குத் தடை கூடும், அந்தக் காரணியின் அளவும் குறையும். இவற்றை வயது, எடை, முந்தைய பிரசவ விவரங்களோடு சேர்த்துக் கணினி கணக்கிடுகிறது. 100-இல் 1 என்ற வாய்ப்பைத் தாண்டினாலே அதிக ஆபத்து என்கிறார்கள், நான் தாண்டியிருந்தேன். அப்படித் தாண்டியவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை என்பதை அறிக்கையிலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அன்றிரவே 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்கி, 36-ஆம் வாரம் வரை தினமும் இரவில் எடுத்துக்கொண்டேன். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், 37 வாரத்துக்குமுன் பிரசவிக்க நேரும் ப்ரீ-எக்லாம்ப்சியாவை இந்த மருந்து சுமார் 62 சதவீதம் குறைத்தது. நாள் நிறைந்தபின் வருவதில் அத்தகைய பலன் தெரியவில்லை. ஆகவே மருந்து எடுத்தாலும் கண்காணிப்பு நிற்காது என்று மருத்துவர் முன்னதாகவே சொல்லிவிட்டார்.

ஐந்தாம் மாத ஸ்கேன் சிக்கலின்றி முடிந்தது. குழந்தையின் வளர்ச்சியில்தான் முதலில் தடங்கல் தெரிந்தது. என் ரத்த அழுத்தம் அப்போது இயல்பாகவே இருந்தது. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு எடையைக் கணிக்கிறார்கள். கணிப்பில் 10 சதவீதத்துக்கு மேலும் பிசகலாம் என்பதால் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வார இடைவெளி வேண்டும். ஏழாம் மாதத்துக்குப் பின் தலை வளர்ந்துகொண்டிருக்க, வயிற்றுச் சுற்றளவு பின்தங்கி, எடை 10-ஆம் சதமானத்துக்குக் கீழே, அதாவது அதே வாரக் குழந்தைகள் நூறு பேரில் மிகச் சிறிய பத்துப் பேரின் வரிசைக்கு, இறங்கியது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளில் இயல்பிலேயே சிறுத்த உடம்புக்காரர்களும் உண்டு. போதிய ஊட்டம் கிடைக்காமல் சிறுத்த குழந்தையைப் பிரித்தறியத் தொப்புள்கொடியின் டாப்ளர் உதவுகிறது. என்னைச் சற்று மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் திரையைக் காட்டினார்: ரம்பப் பற்கள்போல் ஏறி இறங்கிய அலைகளில், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி அடிக்கோட்டைத் தொடவில்லை. தொட்டிருந்தாலோ, கீழே இறங்கி ஓட்டம் திரும்பியிருந்தாலோ உடனே மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள். எனக்குத் தடை கூடியிருந்ததே தவிர ஓட்டம் நின்றுவிடவில்லை. அதனால் வாரந்தோறும் டாப்ளர், இடையிடையே குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு என்று வெளிநோயாளியாகவே தொடர்ந்தேன். அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திராமல் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாம் மாதத்தில் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியது. அப்போது ரத்தத்தில் எடுத்த, எஸ்எஃப்எல்டி-1 (பிஎல்ஜிஎஃப்பின் செயலைத் தடுக்கும் புரதம்), பிஎல்ஜிஎஃப் ஆகியவற்றின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு அது கூடுதலாக வந்தது, சில நாட்களில் சிறுநீரிலும் புரதம் தெரிந்தது. லேபெடலால் மாத்திரையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, 37-ஆம் வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை 2.1 கிலோ, மூச்சுக்கு உதவி தேவைப்படவில்லை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரையிலும் இந்த நோய் தலைகாட்டக்கூடும் என்பதால் வீட்டிலும் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவந்தேன். ஆறாவது வாரப் பரிசோதனையில்தான் மாத்திரையை நிறுத்தினார்கள்.