மணி அடிக்க ஆளில்லாத ஊரில்

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் செமினரியைத் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்குக் கொண்டுவந்தது. அந்த மலையடிவாரத்து விடுதிகளில் வளர்ந்த நமக்குக் காலை ஜெபத்துக்கு மணி அடிக்க ஒருவர் இருந்தார். பாயைச் சுருட்டி, முகம் கழுவி, பாட்டுப் புத்தகமும் வேதாகமமுமாய்ப் போய் உட்கார்ந்தால் போதும். கீர்த்தனை, மாறி மாறி வாசிக்கும் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் தானாக நடந்தன. துபாயிலும் டொராண்டோவிலும் அந்த மணி இல்லை. நம்மில் பலர் தளர்ந்தது அங்கேதான்.

யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் கதை இதுதான் (2 நாளாகமம் 24). ஏழு வயதில் பட்டத்துக்கு வந்தவன், ஆசாரியன் யோய்தா இருந்த நாளெல்லாம் செம்மையாய் நடந்தான், ஆலயத்தையும் பழுதுபார்த்தான். 130 வயதில் யோய்தா மரித்ததும் பிரபுக்களின் பேச்சைக் கேட்டு ஆலயத்தை விட்டான். கடைசியில் யோய்தாவின் மகனையே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். அவனுடைய பக்தி யோய்தாவோடு போய்விட்டது.

ஆகவே மணியை நம் கைக்கு மாற்ற வேண்டும். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். ஜனவரி 1இல் உற்சாகமாய்த் தொடங்குகிறவர்கள் மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து நிற்பார்கள். பலிகளின் பொருள் பிடிபடாததுதான் காரணம். அந்தப் பலிகளைக் கிறிஸ்துவோடு இணைத்துச் சொல்லும் எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் வழி திறக்கும். நாள் தவறினால் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். பாக்கி ஏறஏறப் புத்தகத்தைத் திறக்கவே கூசும். அன்றைய பங்கை வாசியுங்கள். விட்டது அடுத்த வருடம் வரும்.

இரவுப் பணி செய்கிற நர்ஸ்மார் ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டக் கூடாது, தூக்கத்தோடு கட்ட வேண்டும்: வேலை முடிந்து வந்து, படுக்குமுன். குடும்ப ஜெபம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைகள் நழுவுவார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் தன் வசனத்தை வாசிக்கட்டும். மாதம் ஒரு கீர்த்தனை மட்டும் தமிழில் மனப்பாடமாகட்டும்.

உலை வைக்குமுன் அம்மாமார் சபைக்கென்று எடுத்து வைத்த கைப்பிடி அரிசிக்கு ஈடு, சம்பள நாளில் எல்லாவற்றுக்கும் முன் ஒதுக்கும் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. மாதக் கடைசியில் மிஞ்சினதைக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. ஊர்ச் சபைக்கு அனுப்புவோர் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் பணம் அந்நிய நன்கொடைச் சட்டத்துக்குள் (எஃப்.சி.ஆர்.ஏ.) வரும். அதை வாங்கச் சபைக்கு அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

இளமையைவிட முதுமையில்தான் எனக்குப் பயம் அதிகம். யூதாவின் ஆசா ராஜா முப்பத்தைந்து வருடம் நன்றாயிருந்து, பிறகு ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் கொடுத்துச் சீரிய ராஜாவின் துணையை வாங்கினான்; வியாதியிலும் கர்த்தரைத் தேடவில்லை. ஓய்வு பெற்று, ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று போகிறவர்களுக்குச் சொந்தச் சபையே இல்லாமல் போகிறது. போன முதல் ஞாயிறே அங்குள்ள ஆயரிடம் பெயர் சொல்லுங்கள். கண் மங்குமுன், முதிர்வயதில் கைவிடாதேயும் என்று கேட்கும் 71ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். மொத்தம் 24 வசனம். வாரம் இரண்டு என்றால் மூன்று மாதத்தில் நெஞ்சில் நிற்கும்.