கடலுக்குப் பூசை போடும் உய்தா

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு சின்ன நாடு. அதன் அட்லாண்டிக் கரையோரம், கோட்டோனூ நகரத்திலிருந்து மேற்கே 40 கிலோமீட்டரில் உய்தா இருக்கிறது. கடல், பாம்பு, முன்னோர் என்று பலவற்றையும் தெய்வமாக வணங்கும் வோதூன் வழிபாட்டுக்கு இதுதான் தலைப்பதி. ஊசி குத்திய பொம்மையைக் காட்டி சினிமாக்காரர்கள் கெடுத்துவைத்திருக்கும் 'வூடூ' எல்லாம் மனத்தில் இருந்தால் கோட்டோனூவிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவது நல்லது. ஜனவரி 10 இங்கே வோதூன் திருநாள். மார்க்சிய ஆட்சிக் காலத்தில் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட வழிபாட்டுக்கு 1990களில் அரசு விடுமுறையே கிடைத்தது. அந்த விழாவுக்காகத்தான் போனேன்.

ஊர் நடுவே தாங்பே கோயில். தாங்பே மலைப்பாம்புத் தெய்வம். சாலையைத் தாண்டினால் நேர் எதிரே கத்தோலிக்கப் பேராலயம். பாதிரியாரின் பூசை முடிந்த கையோடு இந்தப் பக்கம் வந்து கும்பிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஊரில் யாரும் அதை விசேஷமாக நினைப்பதில்லை.

கோயிலில் நுழைய டிக்கெட், படம் எடுக்கத் தனிக் காசு. பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வட்டமான சிறு அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன பாம்புகள். நஞ்சில்லாத சிறு இனம், கை நீளத்துக்குச் சற்று அதிகம் இருக்கும். பூசாரி முதலில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். பிறகுதான் ஒன்றைத் தூக்கி என் தோளில் விட்டார். உலர்ந்து, குளிர்ந்து, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. என் காதருகே நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, சட்டைக் காலருக்குள் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டது. எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

இரவில் இவற்றை வெளியே விடுவார்களாம். எலி தேடிப் போகும் பாம்பு யார் வீட்டிலாவது சுருண்டு கிடந்தால், வீட்டுக்காரர் வணங்கிவிட்டு, பக்குவமாக எடுத்துக் கோயிலில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். நாமும் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள்தான். ஆனால் அதே பாம்பு அடுப்படிக்கு வந்தால் கம்பைத் தேடுகிறோம். ஹுவேதா அரசர்கள் ஆண்ட நாளில் இங்கே மலைப்பாம்பைக் கொன்றவருக்கு மரண தண்டனை. 1727இல் அண்டை நாடான தஹோமியின் மன்னர் அகாஜா அந்த அரசை வீழ்த்தினார். அரசு போனது, பாம்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பாசே மன்னர் மரமாக மாறி நிற்பதாக நம்பப்படும் புனித வனத்தையும் பார்த்தேன். நிழலும் சிலைகளுமாக நல்ல இடம். என் மனம் நின்றதோ வேறொரு சின்னக் கோயிலில். மாமி வாட்டா என்ற நீர்த்தெய்வத்தின் சந்நிதி அது. வாசனைப் பவுடர், கண்ணாடி, குளிர்பானப் புட்டி எல்லாம் படையலாக இருக்க, சுவரில் நம் ஊர் காலண்டர் லட்சுமி! பக்கத்தில் மும்முகத் தத்தாத்ரேயர். இங்கே அவருக்கு டென்சு என்று பெயர், அவரும் நீர்த்தெய்வம்தான். கடல் கடந்து வரும் படங்களில் தங்கள் தெய்வத்தை அடையாளம் காண்பது இந்தக் கரையோர மக்களுக்குப் பழக்கம். மாமி வாட்டாவின் புகழ்பெற்ற படமே ஜெர்மனியில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் படம். 1955இல் பம்பாயில் மறுபடி 12,000 பிரதி அச்சடித்து கானாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். லட்சுமியைக் கண்டதும் கை தானாகக் குவிந்தது. பூசாரி அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்து, என் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் தெளித்தார்.

திருநாள் காலையில், சகாரா பாலைவனத்திலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்றின் புழுதி வானத்தை மறைத்திருந்தது. ஊரிலிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செம்மண் பாதை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களைக் கைவிலங்கு பூட்டி இதே வழியாகத்தான் கப்பலுக்கு ஓட்டிச் சென்றார்கள். இந்தத் துறையிலிருந்து மட்டும் 10 லட்சம் பேருக்குக் குறையாது. மறதி மரம் இருந்த இடத்தில் ஒரு சிலை நிற்கிறது. ஊரும் பேரும் மறந்துபோக ஆண்களை 9 முறையும் பெண்களை 7 முறையும் அந்த மரத்தைச் சுற்றவைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. பிரதட்சிணம் என்றால் புண்ணியம் என்று வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் கால் எழவில்லை.

கரையில் 'திரும்பா வாசல்' வளைவு. அதைச் சுற்றி, தோள் திறந்த வெள்ளை உடையும் சோழி மாலையுமாகப் பக்தைகள், இடைவிடாத முரசு. உடல் முழுதும் வைக்கோல் போர்த்த, இரவில் ஊரைக் காக்கும் சாங்பெத்தோ உருவம் சுழன்றாடியது. ஆட்டம் நின்றதும் அதைக் கவிழ்த்துக் காட்டினார்கள், உள்ளே யாருமில்லை. எப்படி என்று கேட்டால் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள்.

பெரிய குடையின் கீழ் வந்தார் தாக்போ ஹூனோன். வோதூன் நெறியின் தலைமைக் குரு, கடல் தெய்வத்துக்கு உரியவர். நகராட்சிக்கு மேயர் இருக்கிறார், அமைச்சர்களும் வந்திருந்தார்கள். இருந்தும் அவர் எழுந்ததும் முரசு தானாக அடங்கியது. ஆடு பலியானது. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, திரும்பிக்கொண்டேன். பனஞ்சாராயமும் தண்ணீரும் மண்ணில் வார்த்து, மழைக்காகவும் மீனுக்காகவும் பிள்ளைப்பேற்றுக்காகவும் கடலை நோக்கி வேண்டினார்கள்.

இத்தனை பேரைக் கொண்டுபோன கடலையா கும்பிடுகிறீர்கள் என்று வழிகாட்டி இளைஞரிடம் கேட்டேன். "கடல் யாரை விற்றது ஐயா? விற்றவர்கள் எங்கள் ராஜாக்கள், வாங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள்" என்றார். பிரேசிலிலிருந்து வந்து அடிமை வணிகத்தில் கொழுத்த டி சோசாவின் வாரிசுகள் இன்றும் இதே ஊரில் 'சாசா' பட்டத்தோடு இருப்பதை அவர்தான் காட்டினார். விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தர 2024இல் பெனின் சட்டம் இயற்றியிருக்கிறது. அன்று பிரேசில் பெண்கள் சிலர் முழங்கால் அலையில் நின்று போர்த்துகீசிய மொழியில் பாடினார்கள். கரையிலிருந்த உள்ளூர்ப் பெண்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டு ஃபோன் (Fon) என்ற தங்கள் மொழியில் பதில் பாடினார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். விழா நாளில் உய்தாவில் அறை கிடைப்பது அரிது, கோட்டோனூவில் தங்கிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறுமுன் கூலி பேசிவிடுங்கள்.