அரில்யேவில் ராஸ்பெரி சீசன்

ஐரோப்பாவில் உறைபழங்கள் வாங்கும் ஒரு நிறுவனத்துக்குத் தரம் பார்ப்பது என் வேலை. ராஸ்பெரி சீசன் வந்தால் செர்பியாவின் மேற்கே இருக்கும் அரில்யேவில்தான் தங்கல். ர்ஸாவ், மொராவிட்சா என்று இரண்டு ஆறுகள், மலைச்சரிவெல்லாம் கம்பி கட்டிய ராஸ்பெரி வரிசைகள். ஊரையும் அதன் கிராமங்களையும் சேர்த்தாலும் இருபதாயிரம் பேர் தேற மாட்டார்கள். உள்ளாடை, பின்னலாடை தைக்கும் பட்டறைகளும் உண்டு. ஆனால் ஜூன், ஜூலையில் ஊர் முழுக்க ராஸ்பெரிப் பேச்சுதான்.

ராஸ்பெரி பழுத்ததும் காம்பை விட்டுக் கழன்று வரும், உள்ளே வெறும் குழி, கொஞ்சம் அழுத்தினாலே நசுங்கிவிடும். அதனால் காலையில் பறித்ததை அன்றே குளிர்பதனக் கிடங்கில் சேர்த்தாக வேண்டும். சாயங்காலம் டிராக்டர்களில் பெட்டிகள் வந்து இறங்கும், நான் வெள்ளைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகக் குழிக்குள் பார்ப்பேன்: பூஞ்சை இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று. உறைந்த பிறகும் உடையாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் முழுசாக நின்றால் அது 'ரோலண்ட்', நல்ல விலை. உதிர்ந்தால் 'க்ரிஸ்', விலை இறங்கிவிடும். இங்கே பெரும்பாலும் வில்லாமெட் ரகம், நிறமும் புளிப்பும் அருமை.

என்னை உறுத்துவது வேறு. பழத்தை இறக்கும் விவசாயிக்கு எடை போட்டு ரசீது கிடைக்கும், ஒரு முன்தொகையும் சொல்வார்கள், ஆனால் கடைசி விலை பல நேரம் அப்புறம்தான் தெரியும். போலந்தில் விளைச்சல் எப்படி, உக்ரைன் பழம் என்ன விலைக்கு வருகிறது என்று வாங்குபவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இந்த வருஷம் என்ன விலை?" என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை, அவர் கைவிரல்கள் எல்லாம் முள் கீறல். விலை கேட்டு இங்கே விவசாயிகள் சாலையை மறித்ததும் உண்டு.

ஊர் நடுவே மேட்டில் புனித அகில்லியோஸ் தேவாலயம் இருக்கிறது. 1296-இல் தீட்டிய சுவரோவியங்கள். அவற்றில், அதைக் கட்டிய செர்பிய மன்னர் திராகுதின் கோயிலின் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி நிற்பார். ஓய்வு கிடைத்தால் அங்கே போய்விடுவேன், நின்று பார்க்க நேரம் போதாது.

நான் எழுதும் தர அறிக்கை அன்றிரவே வாங்குபவர் கைக்குப் போய்விடுகிறது. விலை மட்டும் ஏன் அந்த வேகத்தில் தோட்டத்துக்குப் போகவில்லை? குறைந்தபட்ச விலையையாவது பறிப்பு தொடங்கும் முன் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் கொள்முதல் கூட்டங்களில் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.