அடமானத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்

கோவையில் கம்பி, சிமென்ட் கடை வைத்திருக்கிறேன். ஒரு பில்டரிடம் 14 லட்சம் நின்றுபோயிற்று. மனைப் பத்திரங்களை எங்களிடம் அடமானமாக வைத்து, அதற்கான எம்.ஓ.டி. ஆவணத்தையும் (பத்திரங்களை ஒப்படைத்ததற்கான குறிப்பாணை) பதிந்திருந்தார். மேற்கொண்டு சரக்கு இறக்கத் தயங்கியபோது, அந்தக் கட்டடத்தில் பணம் போட்டிருந்த ஒருவர் வந்தார். ஆறு மாதத்தில் பில்டர் கட்டாவிட்டால், பாக்கி முழுவதையும் கொடுத்து அடமானத்தை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்வதாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம்பி மறுபடி லோடு அனுப்பினேன்.

கெடு முடிந்தது. "பணம் கொடுங்கள்" என்று மூன்று நோட்டீஸ் விட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அவர் வக்கீல் ஒரே வரியில் பதில் போட்டார்: "அடமானத்தை எங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாக நீங்கள் சொல்லவே இல்லையே?" ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடமானம் மாறிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடமானக் கடனைப் பதிவுப் பத்திரம் எழுதித்தான் மாற்ற முடியுமாம்.

எம்.ஓ.டி. நகலுக்கு அலைந்தது தனிக்கதை. ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார வைத்துவிட்டு, "அந்தக் கிராமம் இப்ப எங்ககிட்ட இல்ல சார்" என்றார் எழுத்தர். இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் என் வக்கீல், அடமானத்தை எதிராளி பெயருக்கு மாற்றித் தரும் மாற்றுப் பத்திரத்தின் வரைவோடு புது நோட்டீஸ் விட்டார்: இன்ன தேதி, காலை 11 மணி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவும். எதிராளி வரவில்லை. அசல் பத்திரங்களோடு நான் மூன்று மணி வரை அங்கேயே இருந்தேன். அன்று அங்கே வாங்கிய டோக்கன்தான், மாற்றிக் கொடுக்க நான் தயாராக இருந்ததற்குச் சாட்சியாகப் பிறகு கை கொடுத்தது.

சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் சிறுதொழில் கவுன்சில் பக்கம் போய் நாளைக் கழிக்காதீர்கள். தாமதப் பாக்கிப் புகார் எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு அங்கே இல்லை. வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போடும் முன் சமரச மையத்துக்குப் போவது கட்டாயம். 1000 ரூபாய் கட்டினேன், எதிராளி வரவில்லை, அறிக்கை கிடைத்தது. கெடுவிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சமரச மையத்தில் போகும் நாள் அந்தக் கணக்கில் சேராது. எனக்கு நாலு மாதம்தான் மிச்சம் இருந்தது.

அவர் எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாளுக்கு முத்திரைத் தீர்வை கட்டவில்லை என்று நீதிமன்றத்தில் ஆட்சேபணை கிளப்பினார்கள். அப்போதைய 20 ரூபாய் தீர்வை, பத்து மடங்கு அபராதம், ஆக 220 ரூபாயில் அடங்கிவிட்டது.

சாட்சி விசாரணைக்கு முன்பே ஆள் இறங்கி வந்தார். வங்கியில் பணம் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொரு தாளுக்கும் அவரிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினேன்.