மாத்தளை முத்துமாரிக்கு இரண்டு சோடி கண்மலர்

மாசி மகத்தன்று விடியுமுன்னே ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி மாத்தளைக்குப் போனோம். 108 அடி இராஜகோபுரம் கண்ணில் பட்டதுமே அம்மா பஸ்ஸுக்குள் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். 1983 ஜூலையில் எரிக்கப்பட்டு, திரும்ப எழுந்த கோயில். அன்று ஐந்து தேரும் வீதியில் நின்றன.

அம்மாவின் முந்தானை முடிச்சில் இரண்டு சோடி வெள்ளிக் கண்மலர் இருந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகடு, நடுவில் கருவிழிக்கு ஒரு வட்டம். ஒரு சோடி அம்மாவின் நேர்த்திக்கடன். மற்றது மாமாவுக்காக. மாமா வாழ்நாளில் ஒருநாளும் சாமி கும்பிடாதவர்.

1998இல் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் விறகு பொறுக்கும்போது, வெட்டிக் கிடந்த தேயிலைக் குச்சி ஒன்று அம்மாவின் வலது கண்ணில் குத்தியது. கண் வெள்ளை படர்ந்துவிட்டது. செய்வினை என்றார்கள். கழிப்பு கழிக்க ஒருவர் கறுப்புக் கோழியும் பணமும் கேட்டார். கோழி வாங்கக் கிளம்பிய நேரத்தில்தான் மாமா எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து சேர்ந்தார். “தங்கச்சி, பேசாம என்கூட ஆஸ்பத்திரிக்கு வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஒரு வருடம் அலைந்தபின், இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழிப் படலத்தை வைத்துத் தைத்தார்கள். அந்தக் கண்ணால்தான் அம்மா இன்றும் கோபுரத்தைப் பார்க்கிறார்.

மாமா இளவயதில் இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இருந்தவர். பெரியாரையும், இலங்கையில் மந்திர தந்திரக்காரர்களுக்குச் சவால் விட்ட பகுத்தறிவாளர் டாக்டர் கோவூரையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். எனக்குப் பெரியாரிடம் ஒரு மனத்தாங்கல் இன்றும் உண்டு. 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைத்ததை என்னால் ஏற்க முடியாது. மாமாவிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று 1924இல் வைக்கத்துக்குப் போய்ச் சிறையில் கிடந்தவரும் அவர்தான். குன்றக்குடி அடிகளார் திருநீறு பூசியபோது தடுக்காமல் நெற்றியைக் காட்டியவரும் அவர்தான். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பணிய லயத்து, அதாவது கீழ் லயத்து, ஆட்கள் சாதியின் பேரால் கரகம் தூக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். அதற்காகச் சண்டை பிடித்தது மாமாவும் அவருடைய கூட்டாளிகளும். “கும்பிடாதவனுக்குக் கோயில்ல என்ன வேலை?” என்று கேட்டவர்களிடம், “கும்பிடுறவங்களுக்காகத்தான் கேக்குறேன்” என்றாராம். பக்தியுள்ள நாங்கள் அன்று வாய் மூடி நின்றோமே என்று எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கோவூர் என்றால் நம் ஆட்களுக்கு அந்த லட்ச ரூபாய்ச் சவால்தான் ஞாபகம் வரும். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் இலக்கத்தைச் சொல்லுங்கள், பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கவில்லை. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததே இல்லை. முத்துமாரி நோட்டு இலக்கம் வாசிக்கிறவள் இல்லையே! அவர் பிடித்துக் காட்டியது அந்தக் கறுப்புக் கோழிக்காரர் போன்றவர்களை. அப்புறம், அவர் விட்டுப்போனது என்ன? கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவர்களுக்கு, எலும்புக்கூடு தான் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு. தேவர்களுக்காகத் தன் எலும்பையே கொடுத்த ததீசி முனிவரைக் கும்பிடுகிற நாம், இந்த மனிதரை நிந்திக்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஐப்பசியில் மாமா தவறிப்போனார். கண்ணைக் கொடுப்பதாக முன்பே எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். “கண்ணில்லாம மேல போற வழி எப்படித் தெரியும்?” என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். “எனக்கு வழி காட்டினது செத்தவங்க கண்ணுதான்” என்று அம்மா சொன்னபிறகு யாரும் பேசவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடியுமுன்னே கதை கிளம்பிவிட்டது: சாகும்போது ‘முருகா’ என்று கூப்பிட்டாராம். நான் தலைமாட்டில்தான் இருந்தேன். அவர் கேட்டது ஒரு வாய் பிளேன்டீ. ஊதிக் கொடுத்தேன், குடித்தார், அவ்வளவுதான். கும்பிடாமல் போனவரைக் கும்பிட்டதாகச் சொல்வது அவருக்கும் அநியாயம், அம்மனுக்கும் அநியாயம். நம் சாமிக்குப் பொய்ச் சாட்சி எதற்கு?

சந்நிதியில் நெரிசல். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா தன்னுடையதை மட்டும் சொன்னார். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை இல்லை. அதோடு மாமாவுக்கு அதில் சம்மதமும் இருந்திருக்காது. முதல் சோடி தட்டில் போனது. இரண்டாவதை அம்மா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கல. எங்க அண்ணன் யாருக்கோ கண்ணு குடுத்தாருன்னு ஆத்தாகிட்ட சொன்னேன்.”

உண்டியலில் அந்தத் தகடுகள் விழுந்த சத்தம் மேளத்தில் கேட்கவில்லை. வெளியே வடம் பிடித்துவிட்டார்கள். தேர் ஒரு குலுக்குக் குலுக்கி அசைந்தது. அம்மா செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிப்போய் வடத்தைப் பிடித்தார். யாருடைய கைக்குப் பக்கத்தில் என்று அவரும் பார்க்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.