கறுப்பன் வேலி தாண்டினான்

ஜூன் 14, சனி
மலேசியாவில், பினாங்கின் நிபோங் தெபால் பக்கம். செம்பனைக் கன்றுகளைப் பன்றி தோண்டித் தின்கிறது என்று தோட்டக்காரர் கூப்பிட்டிருந்தார். மாமாவிடம் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் உண்டு. விடியும் முன்பே நாய்களை அவிழ்த்துவிட்டோம், மற்றதெல்லாம் திரும்பிவிட்டது, கறுப்பன் மட்டும் மோப்பம் பிடித்தபடி வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்து டுரியான் தோட்டத்துக்குள் போய்விட்டான். கழுத்துப்பட்டையிலுள்ள ஜிபிஎஸ் அவன் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது, ஆனால் நடுவில் முள்கம்பி. டுரியான் விழும் சீசனில் டார்ச்சோடு வேலிக்குள் கால் வைத்தால், நாயைத் தேடி வந்தேன் என்றால் எவன் நம்புவான்?

துப்பாக்கியோடு மாமா வண்டியிலேயே இருந்துகொண்டார். நான் வெறும் கயிற்றோடு ரோட்டைச் சுற்றிப் போய் முன்கேட்டில் குரல் கொடுத்தேன். தவுக்கே, அதாவது தோட்ட முதலாளி, என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அப்புறம் அவரே கூட வந்தார், விழும் பழத்துக்குக் கட்டிய வலைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து. ஒரு மரத்தடியில் காது கிழிந்து, ரோமமெல்லாம் ஒட்டுப்புல்லாகப் படுத்திருந்தான் கறுப்பன் துரை.

ஜூன் 15, ஞாயிறு
அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சட்டம் வேட்டைக்காரன் பக்கமாம். உள்ளே வராதே என்று போர்டு போட்ட நிலத்திலும் நாயை மீட்க நுழையலாம். துப்பாக்கி, வில் கூடாது, அனுமதியில்லாமல் வண்டி கூடாது, உரிமையாளர் கேட்டால் பெயரைச் சொல்லியாக வேண்டும். நிலத்துக்காரர்கள் இதை எதிர்த்துக் கோர்ட் வரை போயிருக்கிறார்கள், போகத்தானே செய்வார்கள். அப்படி ஒரு சட்டம் இங்கே வந்தாலும் நான் கேட்டில்தான் நிற்பேன். அடுத்த வாரமும் அதே தவுக்கே முகத்தில் விழிக்க வேண்டுமே.

ஜூன் 21, சனி
இந்தத் தடவை ராணி. கம்பத்தில், அதாவது மலாய் கிராமத்தில், ஒரு முஸ்லிம் வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் புகுந்துகொண்டாள். இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும்: ஈரமான நாய் பட்ட இடத்தை அவர்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரில். அதனால் "கொஞ்சம் பிடித்துக் கட்டி வையுங்கள் மக்சிக்" என்றெல்லாம் வீட்டு அம்மாவிடம் கேட்கவே கூடாது. வெளியே நின்று அனுமதி கேட்டு, நானே உள்ளே போய்க் கயிற்றை மாட்டி இழுத்து வந்தேன்.

சாயங்காலம் மறுபடி கறுப்பன். பட்டையில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாசனை பிடித்துத் திரும்பி வருவான் என்று மாமா வியர்வைச் சட்டையைக் கழற்றி, நாயை அவிழ்த்துவிட்ட இடத்திலேயே போட்டுவிட்டு வெற்றுடம்போடு வண்டியேறினார்.

ஜூன் 22, ஞாயிறு
காலையில் கறுப்பன் அந்தச் சட்டை மேலேயே படுத்திருந்தான். எல்லாப் பட்டையிலும் போன் நம்பரைப் பெரிதாக எழுத வேண்டும், மழையில் அழியாத மை வாங்கணும்.