வட்டத்துக்குள் கொஞ்ச நேரம்

மண்டலா, அதாவது நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமாக விரியும் சித்திரம் வரைய ஓவியத் திறமை வேண்டுமா என்று கேட்கிறார்கள். காம்பஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும். வட்டம் போட்டு, 45 டிகிரி இடைவெளியில் எட்டுப் பங்காகப் பிரித்து, நடுப்புள்ளியிலிருந்து பூவிதழ் மாதிரி வடிவங்களை வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டே வெளியே நகர வேண்டியதுதான். அச்சடித்த வடிவத்துக்கு வண்ணம் தீட்டுவது எனக்கு ஒட்டவில்லை. கை போகிற போக்கில் வருவதுதான் நம்முடையது.

உளவியலாளர் கார்ல் யுங் 1918, 1919 வாக்கில் தினமும் காலையில் நோட்டில் சின்னதாக ஒரு வட்டச் சித்திரம் போடுவார். அன்றைய மனநிலை அதில் தெரியும் என்பது அவர் எண்ணம். எனக்கு அவ்வளவு ஆராய்ச்சியெல்லாம் இல்லை. மெல்லிய தூரிகையில் நீலம் தொட்டு ஓர் இதழின் ஓரத்தை இழுக்கும்போது மூச்சு தானாக நிதானப்படும், அது பிடித்திருக்கிறது.

அப்புறம், ஒரு வளையம் காய்வதற்குள் அடுத்ததைத் தொடாதீர்கள், நிறம் ஊறிவிடும். அந்த நேரத்தில் போனையும் எடுக்காதீர்கள்!